வேலூரில் தேயிலை ஆய்வு: எது கோளாறு, எங்கே தேடுவது

வேலூர், காட்பாடி பக்கம் உயிரியல் முதுகலை படிப்பவர்களில் சிலருக்குத் தேயிலை மேல் ஆசை வந்துவிடுகிறது. குன்னூரிலிருந்து நாலு நாற்றைக் கொண்டுவந்து மொட்டை மாடியில் வைப்பார்கள். சித்திரை தாண்டுவதற்குள் இலை வெளிறும், கொழுந்து நிற்கும். ஆய்வகத்துக்குள் போனால் டிஎன்ஏ பழுப்பாக வரும். உடனே இரண்டு கேள்விகள்: "என்ன மருந்து அடிக்கலாம்?", "டிஎன்ஏ பிரிக்கும் கிட்டை மாற்றலாமா?" பெரும்பாலும் இரண்டும் வேண்டாம்.

கமெலியா சைனென்சிஸ் என்ற இந்தச் செடி புளிப்பு மண்ணுக்கும் ஈரக் காற்றுக்கும் பழகியது. இலைக்குள் பாலிஃபீனால்களை, அதாவது துவர்ப்புத் தரும் வேதிப்பொருள்களை, நிரப்பி வைத்திருக்கிறது. வேலூரில் அதற்குக் கிடைப்பதோ சுண்ணாம்புத் தண்ணீரும் காய்ந்த காற்றும். கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் இந்தப் பொருத்தமின்மையிலிருந்து வருபவை. மீதி, செடியின் இயல்பையே நோய் என்று நினைப்பதால் வருபவை. உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போங்கள். அதற்கு முன் ஒரு வேலை மட்டும் செய்துவிடுங்கள்: செடிக்கு ஊற்றும் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்க வைத்து அடியைப் பாருங்கள். வெள்ளைப் படிவு தடிமனாக இருந்தால் முதல் சந்தேகம் தண்ணீர் மேல்.

இளம் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இங்கே தேயிலை வைத்தவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். எந்த இலையில் தொடங்கியது என்று கவனியுங்கள். அடி இலைகள் முழுதாக வெளிறினால் தழைச்சத்துக் குறை. அமோனியம் சல்பேட் கொஞ்சமாகக் கொடுத்தால் தேறும். தேயிலை நைட்ரேட்டைவிட அமோனியத்தை விரும்பி எடுக்கும், மண்ணைப் புளிப்பாக்கும் வேலையையும் அந்த உரமே செய்யும். ஆனால் அடி இலை பச்சையாக இருக்க, கொழுந்தும் அதற்கடுத்த இலைகளும் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புக் குறை.

வேலூர் செம்மண்ணில் இரும்புக்குப் பஞ்சமா என்று கேட்பீர்கள். பஞ்சமில்லை, அந்தச் சிவப்பே இரும்புதான். பிஎச் (7க்குக் கீழே புளிப்பு, மேலே காரம் என்று காட்டும் எண்) ஏற ஏற இரும்பு கரையாத வடிவத்துக்குப் போய்விடுகிறது. வேரால் எடுக்க முடிவதில்லை. ஒரு தடவை இலைக்குள் போய்ச் சேர்ந்த இரும்பு அங்கிருந்து எளிதில் நகராது. அதனால்தான் பழைய இலை கொழுகொழுவென்று இருக்கப் புது இலை பட்டினி கிடக்கிறது.

தேயிலைக்கு மண்ணின் பிஎச் 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருக்க வேண்டும். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் 7க்கு மேலே. அந்த எண்ணைவிட அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் தொட்டிக்குள் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்ந்துகொண்டே போகும். அப்புறம், தண்ணீரைத் தவிரச் சுண்ணாம்பு வரும் வழிகள் வேறும் உண்டு. சிமெண்ட் தொட்டி அதில் முதன்மையானது, அது சுவரிலிருந்தே காரத்தைக் கசியவிடும். மண் தொட்டிக்கோ வளர்ப்புப் பைக்கோ மாற்றிவிடுங்கள். கத்தரிக்கும் முருங்கைக்கும் போட்டுப் பழகிய அடுப்புச் சாம்பல், முட்டை ஓடு, எலும்புத் தூள் எதுவும் இதற்கு ஆகாது. வீட்டு ஆர்ஓ இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறவர்கள் நிறைய. எண்ணம் நல்லதுதான். ஆனால் வடிகட்டி பிரித்தெடுத்த உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

அவசரத்துக்கு, 100 லிட்டருக்கு அரை கிலோ என்ற விகிதத்தில், அதாவது லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) கரைத்துச் சாயங்கால வேளையில் இலையில் தெளிக்கலாம். அடுத்த கொழுந்து பச்சையாக வந்தால் நோய் கண்டுபிடிப்பு சரி என்று அர்த்தம், வியாதி தீர்ந்ததாக அர்த்தமில்லை. மண் வழியாக இரும்பு கொடுக்கப் போனால் ஒரு எச்சரிக்கை. கடையில் ஈடிடிஏ, ஈடிடிஎச்ஏ என்று இரண்டு வகை இரும்புச் சேர்மங்கள் கிடைக்கும். பெயர் ஒன்றுபோலவே காதில் விழும், லேபிளைப் படியுங்கள். முதல் வகை பிஎச் 6.5 அளவைத் தாண்டினால் இரும்பைக் கைவிட்டுவிடும். கார மண்ணில் இரண்டாவதுதான் தாங்கும்.

நிரந்தரத் தீர்வு மண்ணைப் புளிப்பாக்குவது. கந்தகத் தூள் மலிவு, ஆனால் மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக்க வாரக்கணக்கில் ஆகும். அலுமினியம் சல்பேட் உடனே வேலை செய்யும். மற்றச் செடிகளுக்குப் புளிப்பு மண்ணில் அலுமினியம் விஷம். தேயிலைக்கு அது வேரை வளர்க்கும் பொருள், இந்த விநோதம் ஆய்வுகளில் பலமுறை உறுதியானது. சிறிது சிறிதாகக் கொடுத்து, ஒவ்வொரு தடவையும் பிஎச் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

தண்ணீருக்கு என்ன செய்வது? தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. மாடியிலிருந்து இறங்கும் அந்தக் குழாய்க்கடியில் ஒரு டிரம் வைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும். கோடைக்கு அது போதாது. அப்போது ஆர்ஓவில் சுத்தமாகி வரும் தண்ணீரையோ, ஆய்வக ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரையோ பிடித்துக்கொள்ளலாம். ஏசித் தண்ணீரில் சுண்ணாம்பு இருக்காது, ஆனால் குழாயின் செம்பு சிறிது கலந்திருக்கலாம். உலோகங்களை அளக்கப்போகும் செடிக்கு அதை ஊற்றாதீர்கள்.

இலை ஓரம் கருகுகிறது

தொட்டியின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். வெள்ளைப் பொருக்கு கையில் ஒட்டி, முதிர்ந்த இலைகளின் ஓரம் மட்டும் காய்ந்திருந்தால் உப்பு. பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் பட்டறைகளைச் சுற்றியுள்ள பல ஊர்களில் கிணறு உப்பேறிப் போன கதை எல்லோருக்கும் தெரியும். தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு மழைத் தண்ணீரை மெதுவாக ஊற்றி அடி வழியாக வடியவிடுங்கள். தென்னைநார்க் கழிவை ஊடகமாகப் போட்டிருந்தால் அதுவும் உப்போடுதான் வரும். நன்றாக அலசாமல் பயன்படுத்தக் கூடாது.

ஓரத்தில் இல்லாமல் இலையின் நடுவில் திட்டுத் திட்டாக, அதுவும் மேற்குப் பார்த்த பக்கத்தில் மட்டும் கருகினால் வெயில். நேரடி வெயிலில் இலையின் சூடு காற்றின் சூட்டைவிடப் பல டிகிரி மேலே போகும். 35 டிகிரி தாண்டினாலே தேயிலையின் ஒளிச்சேர்க்கை படுத்துவிடும். அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடித் தளத்தின் மேல் அந்த இலை என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் ஊற்றியும் கொழுந்து வரவில்லை

இரண்டு காரணங்கள், இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, பஞ்சி. தேயிலைத் தளிர் சில இலைகளை விட்டதும் நுனி மொட்டு சிறுத்து ஓய்வுக்குப் போகும். பிறகு மறுபடி துளிர்க்கும். எஸ்டேட்டில் இதைப் பஞ்சி என்பார்கள். நல்ல மண்ணிலும் நல்ல மழையிலும்கூட இது மாறி மாறி வரும். இயங்கும் மொட்டு நீண்டு கூராக இருக்கும். பஞ்சி மொட்டு அரிசியளவுகூட இருக்காது. தளிரின் நீளத்தை வாரம் தோறும் அளக்கிறவர்கள் பக்கத்தில் இந்தக் குறிப்பையும் எழுதவில்லை என்றால், உங்கள் உரம் வேலை செய்யவில்லை என்று தவறான முடிவுக்குப் போவீர்கள். குளிர்கால உறக்கம் என்று சிலர் சொல்வதுண்டு. அது அசாம் போன்ற வடக்கில், பகல் குறுகுவதாலும் குளிராலும் வருவது. வேலூரில் மார்கழியிலும் பகல் 11 மணி நேரத்துக்குக் கீழே போகாது. தென்னிந்தியத் தோட்டங்களில் ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்கிறார்கள்.

இன்னொன்று, காற்று. இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. மண் ஈரமாக இருந்தாலும் காற்று காய்ந்திருந்தால் தேயிலைத் தளிர் வளராது. காற்று எவ்வளவு ஈரத்தை உறிஞ்சக் காத்திருக்கிறது என்பதற்கு ஆவியழுத்தக் குறை என்று ஓர் அளவு உண்டு. மலாவியில் நடந்த ஆய்வுகளில் அது ஏறக்குறைய 2.3 கிலோபாஸ்கலைத் தாண்டியதும், பாசனம் இருந்தும்கூடத் தளிர் வளர்ச்சி தளர்ந்தது தெரியவந்தது. 38 டிகிரி வெயிலும் 30 சதவீத ஈரப்பதமும் உள்ள வேலூர் மதியத்தில் கணக்குப் போட்டால் 4.6 வரும். அதாவது எல்லையைப் போல இரண்டு மடங்கு! இதற்கு மேலும் மேலும் தண்ணீர் ஊற்றினால் வேர்தான் அழுகும்.

செய்ய வேண்டியது காற்றைக் கவனிப்பது. 50 சதவீத நிழல் வலை, காலை வெயில் மட்டும் படும் கிழக்குச் சுவர், தொட்டிகளை நெருக்கி வைப்பது, சுற்றிலும் நனைத்த கோணிச் சாக்கு. நீலகிரியில் சில்வர் ஓக் மரங்களை நட்டு வெயிலை மட்டுப்படுத்துவதும் இதே கணக்குத்தான். ரகத்தைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் உபாசி-9 கேட்டு வாங்குங்கள். வறட்சி தாங்குவது என்று பெயர் பெற்றது. பழைய வட ஆர்க்காட்டு எல்லைக்குள்ளேயே, 1,000 மீட்டருக்கு மேல் உள்ள ஏலகிரியில் தெரிந்தவர் வீடு இருந்தால் கோடைக்குச் செடியை அங்கே அனுப்பிவிடுவது எல்லாவற்றையும்விட உத்தமம். அதற்காக ஜவ்வாது மலைக் காட்டிலிருந்து மண் அள்ளிவரக் கிளம்ப வேண்டாம். அது குற்றம்.

இலை செம்பு நிறமாகிறது, அல்லது கொப்புளம்போல் தெரிகிறது

முதிர்ந்த இலையின் மேல்பக்கம் செம்பு நிறமானால் வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். தாளில் விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் செஞ்சிலந்தி. காய்ந்த வெயில் அதற்குக் கொண்டாட்டம். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், மோசமான இலைகளைக் கிள்ளி எறியுங்கள். வேதிப்பொருள் அளக்கும் செடி என்றால் கடிபட்ட இலையை மாதிரியில் சேர்க்கக் கூடாது. கடி பட்டதற்குச் செடி காட்டும் எதிர்ப்பே எண்களை மாற்றிவிடும்.

கொப்புளம் என்றதும் கொப்புள நோய் என்று முடிவு கட்டாதீர்கள். 1946 முதல் தென்னிந்தியத் தோட்டங்களைப் படுத்திவரும் அந்தப் பூஞ்சைக்குக் குளிரும் மப்பும், நீண்ட நேரம் நனைந்த இலையும் வேண்டும். வேலூர் சமவெளியில் அது பிழைக்க வழியில்லை.

பதியன் குச்சி வேர் விடவில்லை

ஒரு இலை, ஒரு மொட்டு, மூன்று நான்கு சென்டிமீட்டர் தண்டு: குச்சி இவ்வளவுதான். வேர் வர இரண்டரை மூன்று மாதம் ஆகும், அதற்குள் பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். அப்படியும் வேர் இல்லாமல் அடியில் வெள்ளையாக உருண்டை கட்டியிருந்தால் ஊடகத்தின் பிஎச் அதிகம். நாற்றங்கால்காரர்கள் இதற்காகவே மண்ணை அலுமினியம் சல்பேட் கரைசலால் நனைத்துக்கொள்வார்கள். உரம் கலந்த மேல்மண்ணும் வேண்டாம். மணலும் அடிச் செம்மண்ணும் போதும். குச்சி கறுத்துச் செத்தால் ஈரம் போதவில்லை, பாலிதீன் கூடாரம் போடுங்கள். ஆனால் வெயில் படும் இடத்தில் போட்டால் குச்சி வெந்துவிடும். வேலூரில் இந்த வேலைக்கு நல்ல காலம் ஐப்பசிக்குப் பிறகு.

டிஎன்ஏ பழுப்பு நிறம், பிசிஆர் வேலை செய்யவில்லை

வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுக்கிறதே, அதே கதைதான் சோதனைக் குழாயிலும் நடக்கிறது. உயிரோடிருக்கும் இலையில் கேட்டச்சின்கள் (தேயிலையின் முக்கியமான பாலிஃபீனால்கள்) செல்லின் நுண்குமிழிக்குள்ளும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் நொதி பசுங்கணிகத்திலுமாகத் தனித்தனியே இருக்கும். அரைத்ததும் இரண்டும் சந்திக்கின்றன. உருவாகும் குயினோன்கள் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்க வழியில்லை. ஆகவே கெட்டுப்போன மாதிரியைத் திரும்பத் திரும்பக் கழுவி நேரத்தை வீணாக்காமல், அரைக்கும் கட்டத்தைச் சரி செய்யுங்கள்.

முற்றல் இலையை விட்டுவிட்டு மொட்டும் முதல் இலையும் எடுங்கள். கேட்டச்சின் அதில் அதிகம்தான், ஆனாலும் பசைச் சர்க்கரை குறைவு, செல் நெருக்கம் அதிகம், நார் கிடையாது. திரவ நைட்ரஜனில் அரைத்த தூள் உருகுவதற்கு முன்பே செல்லை உடைத்து டிஎன்ஏவை வெளிக்கொணரும் சூடான சிடிஏபி கரைசலில் விழ வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: உரலிலிருந்து குழாய்க்கு மாற்றுவதற்குள் தூள் ஈரமாகிவிடுகிறது. பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி கரைசலில் 2 சதவீதம் இருக்கட்டும். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் மெர்காப்டோஎத்தனாலை அன்றன்று சேர்க்க வேண்டும், போன வாரம் கலந்து வைத்தது உதவாது. குழாயில் பிசுபிசுப்பு இருந்தால் உப்பின் அளவை 1.4 மோலாரிலிருந்து 2க்கு மேலே ஏற்றிப் பாருங்கள், பசைச் சர்க்கரை கரைசலிலேயே தங்கிவிடும்.

திரவ நைட்ரஜன் கிடைக்கவில்லை என்றால் சிலிகா ஜெல்லில் விரைவாக உலர்த்திய இலையே போதும். (மாட்டுக்குச் சினை ஊசி போடும் கால்நடை மையங்களில் திரவ நைட்ரஜன் குடுவை இருக்கும் என்பது பல மாணவர்களுக்குத் தெரியாது. கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.)

டிஎன்ஏ வெள்ளையாக வந்தும் பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பல மடங்காக நகலெடுக்கும் முறை) தோற்றால், 260, 230 நானோமீட்டர் ஒளியை அது உறிஞ்சும் அளவுகளின் விகிதமான 260/230ஐப் பாருங்கள். 260/280 எண் 1.8 என்று அழகாக வந்ததை நம்பி ஏமாறுவது சகஜம். 230 பக்கம் மோசமாக இருந்தால் இன்னும் மாசு உண்டு. பத்து மடங்கு நீர்த்து ஒரு தடவை, தடுப்பானைப் பிடித்துக்கொள்ளும் பிஎஸ்ஏ புரதம் சேர்த்து ஒரு தடவை ஓட்டுங்கள். நீர்த்ததும் ஜெல்லில் டிஎன்ஏ பட்டை வந்தால், பிசிஆரைத் தடுக்கும் பொருள் இருந்தது என்று பொருள். அப்போதும் வரவில்லை என்றால்தான் பிரைமரை (நகலெடுப்பைத் தொடங்க ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டு) சந்தேகிக்க வேண்டும். பெரிய இலையுள்ள அசாமிகா வகையின் மரபணுத் தொகுதி 2017இலும் சிறிய இலையுள்ள சைனென்சிஸ் வகையினுடையது 2018இலும் வெளியாயின. இரண்டும் ஏறக்குறைய 300 கோடி எழுத்து நீளம், பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் துண்டுகள். ஒரு வகையை வைத்து வரைந்த பிரைமர் இன்னொன்றில் ஒட்டாமல் போகலாம். தென்னிந்தியத் தோட்டச் செடிகளில் கலப்பு நிறைய, அதனால் உங்கள் நாற்று எந்த ரகம் என்று தெரியாமல் பிரைமர் ஆர்டர் செய்யாதீர்கள்.

திசு வளர்ப்பில் ஊடகம் கறுத்துப் போவதும் இதே பாலிஃபீனால் வேலைதான். இளந்தண்டை அஸ்கார்பிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து, முதல் சில நாள் இருட்டில் வைத்து, கறுக்கக் கறுக்கப் புது ஊடகத்துக்கு மாற்றுங்கள். கரித்தூள் சேர்க்கலாம். ஆனால் அது நீங்கள் கொடுத்த ஹார்மோனையும் சேர்த்து விழுங்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

அளவுகள் ஒத்துப்போகவில்லை

கருவியைப் பழிக்கும் முன் இலை எங்கிருந்து எப்படி வந்தது என்று கேளுங்கள். ஊட்டியிலோ குன்னூரிலோ மாலையில் பறித்துப் பிளாஸ்டிக் பையில் கட்டி, இரவுப் பேருந்தில் வேலூர் வந்த இலை காலையில் பச்சை இலை அல்ல, பாதித் தேயிலைத்தூள். வழியிலேயே வாடி, நசுங்கி, கேட்டச்சின்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கும். பறித்த இடத்திலேயே ஆவியில் ஓரிரு நிமிடம் வேகவைத்து நொதியைக் கொன்று உலர்த்திக் கொண்டுவாருங்கள். இதைச் செய்யாமல் எந்த முறையில் அளந்தாலும் பயனில்லை.

அடுத்தது இலையின் வயது. கேட்டச்சினும் காஃபீனும் கொழுந்தில் உச்சம், கீழே போகப் போகக் குறையும். ஒரு மாதிரியில் இரண்டு இலையும் மொட்டும், இன்னொன்றில் நான்காம் இலை என்று கலந்தால் வித்தியாசம் உரத்தால் வந்ததா, பறித்த கையால் வந்ததா என்று எப்படிச் சொல்வீர்கள்? அலுமினியம் இதற்கு நேர்மாறு, முற்றல் இலையில்தான் குவியும். கொழுந்தைப் போலப் பல மடங்கு எண் வந்தால் பாத்திரம் மாசு என்று பதற வேண்டாம்.

மொத்தப் பாலிஃபீனாலை நிறமாற்றத்தால் அளக்கும் ஃபோலின் முறையில் வந்த எண் மற்ற முறைகளைவிட அதிகமாக இருப்பதும் கோளாறு அல்ல. அந்தக் கரைசல் பாலிஃபீனாலை மட்டும் அளப்பதில்லை, அஸ்கார்பிக் அமிலம் உட்பட எலக்ட்ரான் கொடுக்கும் எதையும் சேர்த்து எண்ணும்.

"தியானின் குறைவாக வருகிறது" என்ற புகார் வேலூரில் அடிக்கடி எழும். 1949இல் ஜப்பானில் கண்டறியப்பட்ட இந்த அமினோ அமிலத்தைச் செடி முக்கியமாக வேரில் தயாரித்து இலைக்கு ஏற்றுகிறது. இலையில் வெயில் பட்டால் அது உடைந்து, அதன் கார்பன் கேட்டச்சின் பக்கம் போகும். ஜப்பானில் மாட்சா தயாரிக்கும் செடிகளைப் பறிப்பதற்கு முன் சில வாரங்கள் மூடி வைப்பது இதனால்தான். மாடி வெயிலில் நின்ற உங்கள் செடியில் தியானின் குறைந்து கேட்டச்சின் ஏறியிருந்தால் முடிவு சரியாகவே வந்திருக்கிறது. வேண்டுமானால் பாதிச் செடிகளை நிழல் வலையில் வைத்து ஒப்பிடுங்கள், திட்ட அறிக்கைக்கு அதுவே நல்ல அத்தியாயம்.

பூக்கிறது, காய்க்கவில்லை

தேயிலை தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. பதியனில் வந்த நாற்றுகள் ஒரே தாயின் நகல்கள், ஆகவே ஒரே ரகத்தில் பத்துத் தொட்டி வைத்தாலும் ஒரு செடி வைத்த கணக்குத்தான். வேறு ரகம் ஒன்று அருகில் இருக்க வேண்டும், தேனீயும் வர வேண்டும். மாடிக்கு வரவில்லை என்றால் தூரிகையால் நீங்களே மகரந்தம் மாற்றலாம். காய் முற்ற ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும்.

முற்றிய விதையை நெல்லைப் போல உலர்த்தி டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். எண்ணெய்ச் சத்துள்ள இந்த விதை காய்ந்தால் உயிர் போய்விடும். தண்ணீரில் போட்டு, மூழ்குவதை மட்டும் எடுத்து, அந்த வாரத்திலேயே விதையுங்கள். தபாலில் வாங்கிய விதை மொத்தமும் மிதந்தால் விதைத்துக் காத்திருக்க வேண்டாம். பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.